குறிஞ்சாக் கஞ்சி குறித்து மச்சானுக்கு

பெரியகல்லாறு,
17.08.2008

பெருமதிப்புக்குரிய மச்சான், ஓய்வுபெற்ற அதிபர் கனகசிங்கம் அவர்களுக்கு,

கண்ணகை அம்மன் காவலில் இங்கே நானும், உங்கள் தங்கை சீதேவிப்பிள்ளையும், என் இதயத்துக்குள் குடியிருக்கிற கம்பிச் சுருளும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். வெள்ளவத்தையில் நீங்களும், உங்கள் இதயத்துக்குள் புதிதாகக் குடிவந்த சுருளும், மகனும் மருமகளும் அவ்விதமே இருக்கவேண்டும் என்பது எங்கள் வேண்டுதல். உங்கள் கடிதம் போன செவ்வாய்க்கிழமை கைக்கு வந்தது. கவரின் ஒரு பக்கத்தைக் கிழித்துத் திரும்ப ஒட்டியிருந்தார்கள். வழியில் யாரோ படித்திருக்கிறார். படித்தவருக்கும் இரத்தத்தில் கொழுப்பு இருந்தால் பயன்படட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் கேட்டிருப்பது ஒரே ஒரு கேள்வி. சுருள் வைத்து ஆறு கிழமையாகிறது, டொக்டர் தந்த கொழுப்புக் குளிசையைப் போட்டால் கெண்டைக்கால் உளைகிறது, வினாயகமூர்த்தி மச்சான், அதாவது நான், பத்து மாதமாக அதைத் தொடாமலே நன்றாக இருக்கிறாராம், நானும் விட்டுவிடவா, இருபத்தொன்பதாம் திகதி கிளினிக்குக்கு முன் பதில் தேவை என்று எழுதியிருக்கிறீர்கள். முப்பத்தெட்டு வருஷத்தில் நீங்கள் என்னிடம் ஆலோசனை கேட்பது இதுதான் முதல் தடவை. கல்யாணப் பேச்சு நடந்தபோது, "விதானையார்ர மகனுக்கு வாய்க்காலத் தவிர வேற என்ன தெரியும்" என்று நீங்கள் சொன்னதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அன்று என்ன கிழமை, நீங்கள் என்ன நிறச் சட்டை போட்டிருந்தீர்கள் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

நடந்ததை முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஆவணியில் எனக்கு நெஞ்சை இறுக்கியது உங்களுக்குத் தெரியும். பஸ்ஸில் கொழும்புக்கு வரும் வழியில் என்னை ஒன்பது சோதனைச்சாவடியில் இறக்கிச் சோதித்து ஒன்பதிலும் ஏற்றினார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டே இறங்கி நெஞ்சைப் பிடித்துக்கொண்டே ஏறினேன். கொழும்பில் தொடை வழியாகக் குழாய் விட்டு, இதய நாடியில் எண்பது வீதம் அடைத்துக் கிடந்த இடத்தை ஊதித் திறந்து, சுருளை வைத்தார்கள். நான் கண்ணை மூடாமல் திரையில் முழுவதையும் பார்த்தேன். எனக்கு முன்னால் போனவர் அழுதுகொண்டு வெளியே வந்தார், நான் டொக்டரிடம் ஐந்து கேள்வி கேட்டுவிட்டு வந்தேன். மறுநாள் அந்த டொக்டர், என் மகளின் வயதுகூட இருக்காது, சீதேவியும் பக்கத்தில் நிற்க, கட்டிலருகே வந்து நின்று சொன்னார்: "ஐயா, நாங்க செய்தது அரைவாசி வேலைதான். உங்கட ரத்தத்தில கெட்ட கொழுப்பு நூற்றியெழுபத்தெட்டு இருக்கு. அது எழுபதுக்குக் கிட்ட இறங்காட்டி இன்னொரு இடத்தில அடைக்கும். அடைச்சா இதயத் தசை செத்துப்போகும். செத்தது திரும்ப முளைக்காது. இந்தக் குளிசைய உயிருள்ளவரைக்கும் விடாமப் போடோணும்."

மச்சான், அடைப்பைப் பற்றி யாருக்கு யார் பாடம் எடுப்பது. முப்பத்தொரு வருஷம் வட்டைவிதானையாக இருந்து, வாவிக்கு அந்தப் பக்கம் எழுநூறு ஏக்கர் வயலுக்கு ஷெல்லடிக்கும் சுற்றிவளைப்புக்கும் நடுவில் தண்ணீர் பங்கிட்டவன் நான். எந்த வாய்க்கால் எங்கே அடைக்கும், யார் எவன் வரம்பை வெட்டித் தண்ணீர் திருப்புவான் என்பது கரையில் நின்று பார்த்தாலே எனக்குத் தெரியும். அடைத்த இடத்தை வெட்டித் திறந்தால் தண்ணீர் ஓடும், அவ்வளவுதான். திறந்த வாய்க்காலுக்குத் தினமும் குளிசை கொடுத்த விதானை இந்த மாவட்டத்திலேயே கிடையாது. இருந்தாலும் படித்த பிள்ளை சொல்லுகிறாரே என்று இரண்டு மாதம் போட்டேன். உங்களுக்கு வந்த அதே உளைவுதான், கெண்டைக்காலில் தொடங்கி இடுப்புவரை. ஐப்பசியில் ஒரு நாள் வயலுக்குப் போய் வரம்பில் நடக்க முடியாமல் நின்றேன். எனக்குப் பிறகு வந்த புது விதானை கையைப் பிடித்துக் கரையேற்றிவிட்டான். அன்று வீட்டுக்கு வந்தவுடன் சீதேவியிடம் சொல்லிவிட்டேன், இந்த ஒரு குளிசையை மட்டும் இனி நான் போடமாட்டேன், மற்ற மூன்றையும் போடுவேன் என்று.

அவள் கேட்டாள், "அப்ப அடைப்ப ஒருக்கா எடுத்தாப் போதுமெண்டா, ஒவ்வொரு வருசமும் விதைப்புக்கு முன்ன ஊர்ச் சனத்தையெல்லாம் கூப்பிட்டு அதே வாய்க்கால என்னத்துக்கு வெட்டின நீங்க?"

"அது வேற, இது வேற" என்றேன். எப்படி வேறு என்று எனக்குப் பதில் தோன்றியது மூன்றாம் நாள்தான். அதற்குள் அவள் பேச்சை விட்டுவிட்டாள். முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு விவாதத்தில் நான் உங்கள் தங்கையை வென்றது அன்றுதான். அதன் பிறகு ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் குறிஞ்சா இலைக் கஞ்சி குடித்துக் கொழுப்பை இறக்கப்போகிறேன் என்று சொன்னபோதுகூட, "சரி, ஆனா கஞ்சி நான்தான் காய்ச்சுவன், வேற ஆரும் கை வைக்கப்படாது" என்று மட்டும் சொன்னாள். மாதம் ஒருமுறை கிளினிக்குக்கு என் மருந்துக் கொப்பியை எடுத்துக்கொண்டு அவளே போய் அந்தக் குளிசையையும் வாங்கி வருகிறாள். எதற்கு என்று கேட்டேன். கொப்பியில் பதிவு விட்டுப்போகக் கூடாதாம், மாத்திரை இல்லாத ஏழைகளுக்குக் கொடுக்கலாமாம். அவள் மனது அப்படி. நான் தடுக்கவில்லை.

கஞ்சி விபரம் இதுதான். குறிஞ்சா இலை இரண்டு கைப்பிடி, முசுட்டை ஒரு கைப்பிடி, சிவப்புப் பச்சரிசி, உள்ளி, மிளகு. தேங்காய்ப்பால் ஒரு துளியும் இல்லை. கைப்பு என்றால் சாதாரணக் கைப்பு இல்லை, முதல் நாள் குடித்தபோது காது அடைத்தது. மாலை ஐந்து மணிக்கு ஒரு சட்டி. எருமைத் தயிரை விட்டேன், முதற்பால் விட்ட இறால் குழம்பை விட்டேன், நண்டை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. காலையில் வாவிக் கரையால் சோதனைச்சாவடி வரைக்கும் நடந்து, அங்கே நிற்பவர்கள் சந்தேகப்படுவதற்கு முன் திரும்பிவிடுவேன். குளிசையை விட்டு ஒரு மாதத்தில் கால் உளைவு போன இடம் தெரியவில்லை. இப்போது வரம்பில் புது விதானைக்கு முன்னால் நடக்கிறேன்.

மாசி மாதம் இரத்தம் பார்க்க மட்டக்களப்புக்குப் போனேன். காத்தான்குடியில் முனாப் காக்கா ஏறிக்கொண்டார். சாரம் விற்கும் துணிக்கடை வைத்திருக்கிறாரே, என் வாய்க்காலில் பதினைந்து ஏக்கர் செய்தவர், போன வருஷம் நெஞ்சைப் பிளந்து மூன்று பைபாஸ் போட்டுக்கொண்டவர். பாலத்தடியில் எல்லாரையும் இறக்கினார்கள். உலோகம் காட்டும் கருவியோடு ஒரு ஆமிக்காரர் வந்தார். நான் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது என்று, "தம்பி, எனக்குள்ள கம்பி இரிக்கி, உங்கட சாமான் கத்தும், பயப்பிடாதீங்க" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவர் இரண்டு அடி பின்னால் போய் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார். என்னைக் குறிபார்த்து மூன்று துவக்கு, நடுவில் நான். முனாப் காக்கா கலிமா சொல்லத் தொடங்கிவிட்டார். கொழும்பு டொக்டரின் கடிதத்தைக் காட்டினேன், தமிழ் தெரிந்த ஒருவர் வந்து விளங்கப்படுத்தினார், பிறகு கருவியை என் நெஞ்சில் வைத்தார்கள். மச்சான், அது கத்தவில்லை. "இன்னொருக்கா வச்சுப் பாருங்க" என்றேன். வைத்தார்கள். கத்தவில்லை. எனக்குப் பின்னால் நின்ற பெண்ணின் குடைக்குக் கத்தியது. எனக்கு வந்த வெட்கத்தைச் சொல்ல முடியாது. "கம்பி உள்ள இரிக்கா, இல்ல கொழும்பில ஏமாத்திப் போட்டாங்களா" என்று முனாப் காக்கா வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தார்.

ஆனால் மறுநாள் இரத்த அறிக்கை வந்தது. கெட்ட கொழுப்பு எழுபத்திரண்டு. நூற்றியெழுபத்தெட்டிலிருந்து எழுபத்திரண்டு. லாப்பில் இருந்த பிள்ளை, "ஐயா, எந்தக் குளிசை போடுறீங்க?" என்று கேட்டது. "ஒரு குளிசையுமில்ல மகள், கஞ்சி" என்றேன். அந்தப் பிள்ளை எழுந்து நின்று என்னைப் பார்த்தது. அறிக்கையை லெமினேட் செய்து மண்டபத்தில் எங்கள் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். ஆடியில் இன்னொரு தடவை பார்த்தேன், எழுபது. ஊரில் இப்போது என்னை விதானையார் என்று சொல்வதில்லை, கஞ்சி விதானையார் என்கிறார்கள். கேலிக்குச் சொல்கிறவர்களும் வீட்டுக்கு வந்து இலை வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள்.

முனாப் காக்காவின் கதையை மறைக்கக் கூடாது. என்னைப் பார்த்து அவரும் பங்குனியில் குளிசையை விட்டார். சித்திரையில் இரத்தம் பார்த்தால் இருநூற்றிப்பத்து. படி ஏறும்போது நெஞ்சு நோகிறது என்று வேறு சொன்னார். நான் கேட்ட முதல் கேள்வி, கஞ்சியை யார் காய்ச்சினது என்பதுதான். அவர் மனைவி ஹிதாயா ஆட்டெலும்பு போட்டுக் காய்ச்சியிருக்கிறார். பக்குவம் பிழைத்தால் பலன் எப்படி வரும். ஹிதாயாவை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவரச் சொன்னேன். சீதேவியும் அவரும் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்றரை மணித்தியாலம் இருந்தார்கள். வெளியே வந்தபோது ஹிதாயா அழுதிருந்தார், வெங்காயமாக இருக்கும். "விளங்கிட்டா ராத்தா?" என்று கேட்டேன். "நல்லா விளங்கிட்டு விதானையார், அல்லாஹ் உங்கட வீட்டுக்காரிக்கு நீண்ட ஆயுசக் குடுக்கட்டும்" என்றார். எனக்கு ஆயுசு கேட்கவில்லை, அது பரவாயில்லை. ஆனியில் முனாப் காக்காவுக்கு எண்பத்தெட்டு. நெஞ்சு நோவும் இல்லை.

உங்கள் தங்கையும் இந்த வைத்தியத்தில் எவ்வளவு நம்பிக்கை வைத்துவிட்டாள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். வைகாசியில் தேற்றாத்தீவில் மகள் வீட்டுக்கு நான்கு நாள் போயிருந்தேன். மகளும் கஞ்சி காய்ச்சுவாள்தானே என்று சீதேவியிடம் சொன்னேன். கேட்கவில்லை. நான்கு நாளும் பின்னேரம் பஸ்ஸில் கஞ்சியோடு வந்து, நான் குடித்து முடிக்கும் வரைக்கும் நின்று, சட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். போன மாதம் எங்கள் ஊரைச் சுற்றிவளைத்து ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் வெயிலில் இருத்தினார்கள். காலையிலிருந்து மாலை வரைக்கும் ஆளைக் காட்டிக்கொடுக்கிற தலையாட்டி ஒருவர் முகத்தை மூடிக்கொண்டு வந்து எங்கள் முகத்தைப் பார்ப்பதும் போவதுமாக இருந்தார். பெண்கள் வேலிக்கு வெளியே அழுதுகொண்டு நின்றார்கள். உங்கள் தங்கை அழவில்லை. ஐந்து மணிக்கு அங்கர் பால்மா டின்னில் கஞ்சியோடு வாசலுக்கு வந்து, உள்ளே விடு என்று நின்றாள். அந்த ஆமிக்காரர் முதலில் நீ குடித்துக் காட்டு என்று கையால் காட்டினார். அரை டின் குடித்துக் காட்டினாள், முகம் கோணவில்லை. பிறகு என்னைத் தேடி வந்து, "குடிங்க, மறுகா என்னவும் நடக்கட்டும்" என்றாள். அத்தனை பேருக்கும் நடுவில் குந்தியிருந்து குடித்தேன். குளிசை மட்டும் போடுகிற எவனுக்காவது பெண்சாதி இப்படி வந்து நின்றிருப்பாளா.

ஆகவே மச்சான், என் பதில் இதுதான். விட்டுவிடுங்கள். யோசிக்க வேண்டாம். உங்கள் டொக்டர் இதயத் தசை செத்துவிடும் என்று வெருட்டினால், பெரியகல்லாற்றில் எழுபது வந்தவன் ஒருவன் இருக்கிறான் என்று சொல்லுங்கள், அறிக்கையின் பிரதி அனுப்புகிறேன். காய்ந்த குறிஞ்சா இலையை வேறு பார்சலாகக் கட்டியிருக்கிறேன். சோதனையில் முகர்ந்து பார்த்துவிட்டுத் தந்துவிடுவார்கள். மருமகள் காய்ச்சட்டும். இருபத்தொன்பதாம் திகதி கிளினிக்குக்குப் போக வேண்டியதில்லை.

உங்கள் மகனுக்கும் மருமகளுக்கும் எங்கள் ஆசி. பேரப்பிள்ளைக்கு என் பெயரைச் சொல்லி ஒரு முத்தம். அம்மன் உங்கள் நாடிகளையெல்லாம் திறந்தே வைத்திருக்கட்டும்.

என்றும் உங்கள் தங்கையின் வீட்டில் இருக்கும்,
சி. வினாயகமூர்த்தி
(இளைப்பாறிய வட்டைவிதானை)

பி.கு.: கவரை ஒட்டித் தபால் கந்தோரில் போடும் பொறுப்பை சீதேவியிடம் கொடுத்திருக்கிறேன். கேட்டு வாங்கிக்கொண்டாள்.

(கடைசித் தாளின் பின்பக்கத்தில், வேறு கையெழுத்தில்)

அண்ணன், இது நான் சீதேவி. அவர் கிணத்தடிக்குக் குளிக்கப் போயிருக்கிறார், சுறுக்கா எழுதுறன். குளிசைய விட்டுப்போடாதீங்க. அவர் விடவேயில்லை. விட்டதெண்டு அவருக்குத்தான் நினைப்பு. பத்து மாசமா ஒரு நாள் தவறாம அந்தக் குளிசைய அரைச்சுக் கஞ்சியில போட்டுக் குடுத்துக்கொண்டிருக்கிறன். அந்தக் கைப்புக்குள்ள ஒண்டும் தெரியாது. அவரிட்ட வாயால சொல்லி வெல்ல ஏலாது அண்ணன், உங்களுக்குத் தெரியும். கால் உளைவு போனது கஞ்சியால இல்ல. கிளினிக்கில டொக்டரிட்ட நான் போய்ச் சொன்னன், அவர் வேற குளிசை மாத்தித் தந்தார். நீங்களும் இருபத்தொன்பதாம் திகதி கட்டாயம் போய்ச் சொல்லுங்க, மாத்தித் தருவினம். ஹிதாயா ராத்தாவும் இப்ப அப்பிடித்தான் செய்யிறா. சுற்றிவளைப்பு நடந்த அண்டைக்கு அரை டின் நான் குடிச்சதால அவருக்கு அரைக் குளிசைதான் போனது, அதை நினைச்சு ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கயில்லை.

தொண்ணூறாம் ஆண்டு எங்கட அப்பா நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுந்தார், றோட்டெல்லாம் மூடிக்கிடந்தது, நீங்களும் நானும் பார்த்துக்கொண்டு இருந்தம். இன்னொருக்கா அப்பிடிப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால ஏலாது, உங்களுக்கெண்டாலும் சரி, அவருக்கெண்டாலும் சரி. இதை அவரிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க. அந்த எழுபத்திரண்டைப் பார்த்து அவர் சந்தோஷமா இருக்கிறார். இருக்கட்டும்.

(அதற்குக் கீழே, முதல் கையெழுத்தில்)

மச்சான், ட்ரைகிளிசரைட் எண்ணை எழுத மறந்துவிட்டேன் என்று கவரைத் திறந்தேன், பசை இன்னும் காய்ந்திருக்கவில்லை. அது நூற்றிப்பதினெட்டு. பிறகு தாளைத் திருப்பினேன்.

குளிசையைப் போடுங்கள். இருபத்தொன்பதாம் திகதி போங்கள், கால் உளைவைச் சொல்லி மாற்றிக் கேளுங்கள். மேலே நான் எழுதிய பக்கங்களைக் கிழித்துவிடுங்கள், இந்தத் தாளை வைத்துக்கொள்ளுங்கள். எழுநூறு ஏக்கரில் யார் தண்ணீர் திருப்பினாலும் கண்டுபிடித்தவன் நான், என் வீட்டுக் குசினியில் பத்து மாதம் நடந்தது தெரியவில்லை. முதலில் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். சத்தம் போட என்றே எழுந்து போனேன். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அம்மியில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு இழுப்புக்கும் வாசல் பக்கம் ஒரு பார்வை. நான் கதவுக்கு இந்தப் பக்கமாக நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். கொழும்பு டொக்டர் எனக்கு விளங்கப்படுத்தியதை நான் விளங்கிக்கொள்ளவில்லை, அருகில் நின்ற அவள் விளங்கிக்கொண்டாள். இப்படியொரு பெண்சாதி இந்த எழுவான்கரை முழுக்கத் தேடினாலும் வேறு எவனுக்கும் இல்லை என்று நான் சொல்லுவேன், நீங்கள் தமையன் என்பதால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம். இன்றைக்கும் ஐந்து மணிக்குச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். "கைப்புக் கூடிப்போச்சு" என்று வழமை போலச் சொன்னேன். "குடிங்க" என்றாள். குடித்தேன். அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, அதையும் விரலால் வழித்துத் தின்றுவிட்டேன்.